தம்பி வண்டி ஒரு சாண் உயரம்

தம்பியின் பிக்கப் வண்டி பட்டறையிலிருந்து திரும்பி வந்த அன்று வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எதிர்வீட்டு டெய்லர், தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு வந்தார். பக்கத்துத் தெரு இளவட்டங்கள் இரண்டு பேர் வண்டியின் முன்னால் மாறி மாறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பின்சக்கரங்களுக்கு மேலே பாரம் தாங்கும் புதுக் கமான் பட்டைகள் கருகருவென்று இருந்தன. ஷாக் அப்சர்பர்கள் பளிச்சென்ற மஞ்சள். அதற்கேற்ற பெரிய டயர். வண்டி முன்பு நின்றதைவிட ஒரு சாண் எழும்பி நின்றது.

அண்ணன் தன் வண்டியின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை நாலாக மடித்து, ஒரு மடிப்பு அழுக்கானதும் அடுத்த மடிப்பைத் திருப்பித் துடைப்பவர் அவர். அன்று அழுக்கு மடிப்பாலேயே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கொழுந்தன் வண்டியப் பாத்தீங்களா? யானை மாதிரி நிக்குது" என்றாள் மனைவி.

"பாத்தேன். யானைக்குத் தீனி போட முடியுதான்னு பாப்போம்."

"டீசலைத்தானே சொல்றீங்க? அது அவர் கவலை. நீங்க கண்ணாடி தேஞ்சுபோகாமப் பாத்துக்குங்க."

அதற்குள் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, நீயும் இதையே போட்டுக்கயேன். பட்டறையில என் பேரச் சொன்னாப் போதும், நல்லாப் பண்ணிக் குடுப்பாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அந்தப் பட்டறைக்காரரைத் தம்பிக்கு அறிமுகம் செய்து வைத்ததே அண்ணன்தான். இப்போது அவரிடமே போய்த் தம்பி பேரைச் சொல்ல வேண்டுமாம்.

அண்ணன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதற்காக அவர் என்றைக்கும் வருத்தப்பட்டதில்லை. கிளீனராக இருந்து, பிறகு ஊரார் வண்டிகளை ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வாங்கினார். அந்த வண்டியில் எந்த ஸ்பானர் எந்தப் பையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கீழ்வீட்டில் அவர் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். இரண்டு வண்டிகளும் ஒரே முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

மலைமேல் ஒரு கோழிப் பண்ணை உண்டு. அங்கே கிடைப்பவை சமைக்கிற முட்டைகள் அல்ல, குஞ்சு பொரிக்கிற முட்டைகள். அவற்றை அடிவாரத்திலிருந்த குஞ்சு பொரிப்பகத்துக்கு இறக்குவது அண்ணன் வேலை. தீவன மூட்டையும் இரும்புக் கூண்டும் மேலே ஏற்றுவது தம்பி வேலை. இருவருக்கும் ஒரே பாதைதான். பாதி வழியிலேயே தார் முடிந்துவிடும். அப்புறம் கல்லும் பள்ளமும்தான், நடுவில் குறுக்கே ஓர் ஓடை.

முட்டையோடு இறங்கும்போது அண்ணனைப் பார்க்க வேண்டும். தட்டுகளுக்கு நடுவே ரப்பர் விரிப்பார். நான்கு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவார். தார் வந்ததும் மறுபடி ஏற்றுவார். தூங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருப்பவரைப் போல ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்குவார். பொரிப்பகத்தில் அவருக்குப் 'பஞ்சு' என்று பெயர். ஆசையாக வைத்த பெயர். ஆனால் தம்பி வண்டி உயர்ந்த பிறகு, யாராவது 'பஞ்சு' என்றால் கேலி செய்கிறார்களோ என்று முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

மழை பிடித்தது. ஓடையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அண்ணன் காலித் தட்டுகளோடு இக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஹாரன் சத்தம். மூட்டைகளோடு வந்த தம்பி கையை ஆட்டிவிட்டுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரை ஏறிப் போய்விட்டான்.

குச்சியில் தண்ணீர் இறங்கவே இல்லை. தம்பிதான் இறங்கி வந்தான். வண்டி நிறைய முட்டைத் தட்டுகள்.

"என்னடா இது?"

"பண்ணை மேலாளர் ஏத்தி விட்டுட்டாருண்ணே. நீ வர்றதுக்கு நேரமாகும், முட்டை காத்துக் கிடக்காதுன்னாரு. ஒனக்கும் ஒரு நடை மிச்சம்தானே?"

அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே போனார். முன்னால் தம்பி வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளித் துள்ளி விழுந்தது. ஒவ்வொரு துள்ளலுக்கும் அண்ணன் மனசுக்குள் ஒரு தட்டு உடைந்தது. பொரிப்பகத்தில் இறக்கும்போது, உதவி செய்வதுபோல ஒவ்வொரு தட்டாகத் தூக்கி அடியில் பார்த்தார். ஈரம்கூட இல்லை. ஒரு முட்டை, ஒரே ஒரு முட்டை விரிசல் விட்டிருந்தால்கூட அன்று அவருக்குத் தூக்கம் வந்திருக்கும்.

"ஒன்னுகூட உடையலண்ணே" என்றான் தம்பி.

"பரவாயில்ல" என்றார் அண்ணன்.

மறுநாளும் மழை. மறுநாளும் அப்படியே நடந்தது. அடுத்து வெயில் அடித்த ஒரு நாளில் பண்ணைக்குப் போனபோது மேலாளர் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மழை முடியற வரைக்கும் உங்க தம்பியே முட்டையையும் இறக்கட்டுமே? வெயில் காலத்துல நீங்க பாத்துக்கலாம்."

"வெயில் காலத்துல வண்டி எதுக்குங்க, நான் தலையிலயே தூக்கிட்டுப் போயிடுவேன்."

"கோவிச்சுக்கறீங்க பாருங்க. அவர் வண்டி தண்ணியில போகுது, உங்க வண்டி போகல. அவ்வளவுதான் விஷயம்."

"என் வண்டியும் போகும். கொஞ்சம் டைம் குடுங்க, ஏத்திக் கட்டிடறேன்."

மழைக்காலம் இரண்டு மாதம் நீளும். இரண்டு மாதம் ஒரு வேலை ஒருத்தன் கையில் இருந்தால் அப்புறம் அது அவன் வேலைதான். இது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். இந்த முட்டை வேலை அவருக்கு வந்ததே அப்படித்தான். அவருக்கு முன்னால் ஓட்டியவர் கால் உடைந்து கொஞ்ச நாள் படுத்தார், எழுந்து வந்தபோது வேலை இல்லை.

பட்டறைக்குப் போனார். தம்பி பேரைச் சொல்லவில்லை.

பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முதுகை உதறிக்கொண்டு எழுந்தார். "கமான் பழசுதான், ஆனா எங்கயும் ஒடியல. நல்லா வளைஞ்சு குடுக்குதே. எதுக்கு மாத்தணும்?"

"ஒசரம் வேணும்."

"என்ன எடை ஏத்துவீங்க? அதே முட்டைதானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முட்டை என்றால் இவர் வேறு எதையாவது போட்டுவிடுவார், தம்பிக்குப் போட்டதைப் போடமாட்டார் என்று அண்ணனுக்குப் பட்டது. அதனால், சொந்த வண்டியைப் பற்றி வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் சொன்னார்.

"இனிமே மூட்டையும் ஏத்தப்போறேன். தம்பிக்குப் போட்ட அதே செட் வேணும்."

"அப்பச் சரி. வெளியூர்ல இருந்து வரணும், ரெண்டு மூணு வாரம் ஆகும்."

அண்ணன் கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் டயரைத் தடவிக்கொண்டு நின்றார். "அதைவிட ஒரு விரல் ஒசரமா வருமா?"

பட்டறைக்காரர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எதுக்குங்க ஒரு விரல்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

செட் வரும் வரைக்கும் மழை நாளில் தம்பியும் வெயில் நாளில் அண்ணனும் முட்டை இறக்கினார்கள். வீட்டில் அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தம்பி மகள் மாடிப்படியில் வண்டிபோலச் சத்தம் போட்டுக்கொண்டு தாவி இறங்கினாள். அது தன் வண்டியின் சத்தம் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. "பெரியப்பா வண்டி எப்படிப் போகும்?" என்று கேட்டார். குழந்தை யோசித்துவிட்டு, சத்தமே இல்லாமல் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிக் காட்டினாள். மனைவி அடுப்படிக்குள் ஓடிப் போய்ச் சிரித்தாள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் பொரிப்பகத்தில் விளக்கறைப் பெண் அவரைக் கூப்பிட்டாள். பொரிப்பெட்டியில் ஒரு வாரம் இருந்த முட்டைகளை இருட்டறையில் விளக்கின் மேல் பிடித்து, உள்ளே உயிர் வளர்கிறதா என்று பார்ப்பவள். இந்த வேலையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"பஞ்சு அண்ணே, உள்ள வாங்க. இதப் பாருங்க."

ஒரு முட்டையை விளக்கில் வைத்தாள். நல்ல முட்டையில் சிலந்தி போல ரத்த நாளங்கள் பரவியிருக்கும். இதில் ஒன்றும் இல்லை. மேலே இருக்கவேண்டிய காற்றுப் பை, முட்டையைச் சாய்த்தபோது நீர்க்குமிழிபோல அங்கும் இங்கும் ஓடியது.

"உள்ளுக்குள்ள குலுங்கிப்போச்சு. ஓடு நல்லாத்தான் இருக்கு, உயிர்தான் இல்ல. சில நாள் லோடு தங்கம் மாதிரி இருக்கு. சில நாள் தட்டுத்தட்டா இப்படி. என்ன அண்ணே, தூங்கிட்டே ஓட்டுறீங்களா? உங்க கையா இது?"

முட்டை வண்டி என்றாலே அவர் வண்டிதான் என்று அவள் நினைத்திருந்தாள். அண்ணன் தன் வாழ்நாளில் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"எந்தெந்த நாள்?" என்றார், குரலை அடக்கிக்கொண்டு.

அவள் சொல்லச் சொல்ல, எல்லாம் மழை பெய்த நாட்கள்.

"அது நான் இல்லம்மா. தம்பி வண்டி." அவள் வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டார்.

"அட, அந்த ஒசரமான வண்டியா? ஜம்முனு இருக்குமே."

இவள்கூடவா என்று இருந்தது அவருக்கு. "ஜம்முனு இருந்து என்ன பிரயோஜனம்? அது மூட்டைக்குப் போட்ட கமான். பாரம் ஏறினாத்தான் வளையும். முட்டை லேசு, அது வளையவே வளையாது. பள்ளத்துல விழற அடி அப்படியே தட்டுக்குப் போகும். அந்த செட்டைப் போட்டுட்டு முட்டை ஏத்துறவனுக்குப் புத்தி..."

அதே செட்டை, அதுவும் ஒரு விரல் கூடுதலாக வருமா என்று வேறு கேட்டு, தானே சொல்லி வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நான் மேலாளர்கிட்டப் பேசிக்கறேன்" என்றாள் அவள். "லேட்டா வந்தாலும் பரவால்ல, உயிரோட வரட்டும். முட்டைய இனிமே நீங்களே இறக்குங்க. மெத்துனு வர்ற வண்டி உங்க வண்டி ஒன்னுதான்."

அந்த வாரமே பட்டறைக்காரரிடமிருந்து போன் வந்தது. செட் வந்துவிட்டது.

அண்ணன் போய்ப் பார்த்தார். சாக்கின் மேல் பட்டைகள் கருகருவென்று கிடந்தன. பக்கத்தில் மஞ்சள் ஷாக்குகள். குனிந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம். மாட்டிவிட்டால் வாசலில் மறுபடி கூட்டம் கூடும். டெய்லர் வருவார். ஓடையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகலாம், அப்போது ஹாரன் அடிப்பது அவராக இருக்கும். ஆனால் அக்கரையில் ஏற்ற முட்டை இருக்காது. மாட்டாவிட்டால் முட்டை அவருடையது; குச்சியை நட்டுக்கொண்டு கரையில் நிற்பதும் அவருடையது. நிற்கிற ஒவ்வொரு தடவையும் தம்பி கையை ஆட்டிக்கொண்டு தாண்டிப் போவான்.

"மாட்டிடலாமா?" என்றார் பட்டறைக்காரர்.

"மூட்டை ஏத்தல" என்றார் அண்ணன், ஷாக்கைக் கீழே வைக்காமலே.

"என்னது?"

"மூட்டை ஏத்தப்போறேன்னு சொன்னேன்ல. அது இல்ல. முட்டைதான்."

பட்டறைக்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "டாக்டர்கிட்டயும் பட்டறையிலயும் பொய் சொல்லக்கூடாதுங்க. இந்த செட்டுக்கு ஆள் இருக்கு, அத விடுங்க. பழைய கமான் இருக்கட்டும். நீளமான ஷாக், இளசான, நல்லா வளையற பட்டை ஒன்னு மாத்திப் போடறேன். மெத்துத்தனம் போகாது. ரெண்டு விரல் ஏறும். தண்ணி கொஞ்சம் இறங்குனதுமே நீங்க இறங்கிடலாம்."

"தம்பி வண்டியவிட?"

"கம்மிதான். கேள்வியே இல்ல."

அண்ணன் மஞ்சள் ஷாக்கை இன்னும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். விலைபோன வீட்டைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு சாக்கின் மேல் மெதுவாக வைத்தார்.

"ரெண்டு விரலே போடுங்க."

வண்டி திரும்பி வந்த அன்று வாசலுக்கு யாரும் வரவில்லை. அவர் சொல்லியும்கூட மனைவிக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாலையில் தம்பி மட்டும் மாடியிலிருந்து இறங்கி வந்தான். முகம் வாடியிருந்தது.

"விளக்கறை அக்கா சொன்னாங்கண்ணே. எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்னும் உடையலையேன்னு நெனச்சேன். எவ்வளவு குஞ்சு போச்சோ."

"தெரியாமத்தானே நடந்துச்சு."

"ஒன்னு கேக்கவா? என் வண்டியையும் ஒன் வண்டி மாதிரி மாத்திடட்டுமா? டயர் பெருசா இருக்குறதால ஓடையிலயும் போகும். ரொம்பத் தண்ணி ஓடற நாள்ல ஒனக்குப் பதிலா நான் முட்டைய இறக்கிடுவேன். நீ கரையில நின்னு கஷ்டப்பட வேணாம்."

மறுபடியும் நல்ல மனசு. ஆனால் அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். பெரிய டயரும் மெத்தென்ற கமானும் ஒரே வண்டியில் சேர்ந்துவிட்டால் அப்புறம் பஞ்சு எதற்கு, அவர் எதற்கு?

"வேணாம்" என்றார்.

"ஏண்ணே?"

"மூட்டை யார் ஏத்துறது? இளசுக் கமான்ல மூட்டை போட்டா வண்டி உக்காந்துடும்." அது உண்மைதான். ஆனால் தம்பி தலையை ஆட்டவில்லை, இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான். அண்ணன் தம்பி வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "அதுவும் இல்லாம, வண்டி பாக்க நல்லா இருக்குடா. இந்தச் சுத்து வட்டாரத்துல இப்படி ஒரு வண்டி யார்கிட்டயும் இல்ல. அதப் போய்க் கெடுத்துக்காத."

வாசற்படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நெசமாவாண்ணே?"

"பின்ன?"

தம்பி முகம் மலர்ந்துவிட்டது. முட்டையும் மறந்தது, ஓடையும் மறந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி ஏறினான். "ஏய், கேட்டியா, அண்ணனே சொல்லிட்டாரு!" என்று அவன் தன் மனைவியிடம் சொல்வதும், அவள் சிரிப்பதும், குழந்தை எதற்கென்று தெரியாமலே கைதட்டுவதும் கீழே வரை கேட்டன.

அண்ணன் முற்றத்தில் நின்றார். வேலை அவர் கையில் பத்திரமாக இருந்தது. யாரும் அதை இனிப் பிடுங்கப்போவதில்லை. ஆனாலும் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னால் இவ்வளவு சந்தோஷப்பட இவனுக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று அவருக்குப் பொறாமையாக இருந்தது.