சண்முகசுந்தரம் கண்ட பதினோரு குறைகள்

சேக்காட்டில் சண்முகசுந்தரத்தைத் தெரியாதவர்களுக்குக்கூட அவர் எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது தெரியும். ஆவடி தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருஷம் உதிரிபாகங்களைச் சோதித்து, தேறாததன் தலையில் சிவப்பு பெயின்ட் வைத்தவர். ஓய்வுக்குப் பிறகு பெயின்ட் போனது, பழக்கம் போகவில்லை. லிஃப்ட் கதவு, காய்கறிக்காரர் தராசு எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. மனைவி மங்களத்தின் சாம்பார் மட்டும் எப்போதும் தேறிவிடும்.

அவர் எழுபதைத் தொட்ட வருஷம், மேல்வீட்டு அஸ்வின் போனும் கையுமாக வந்தான்.

"அங்கிள், டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போடறதுக்கு ஒரு வெப்சைட் பண்றோம். சின்னவங்க பெரியவங்க எல்லாரும் யாரையும் கேக்காம தாங்களே போட்டுக்கணும். நீங்க பாத்துச் சொல்லணும்."

"நான் குத்தம் சொல்லுவேனே, பரவாயில்லையா?"

"அதுக்குத்தானே அங்கிள் உங்ககிட்ட வந்தேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் பத்து வருஷம் காத்திருந்தார் என்பது அஸ்வினுக்குத் தெரியாது. ஆறு ஞாயிற்றுக்கிழமை சோதனை நடந்தது. அஸ்வின் வீடியோ எடுப்பான். இவர் ஒவ்வொரு பொத்தானுக்கும் முன்னால் விரலை நிறுத்தி யோசிப்பார், பிறகு நோட்டில் எழுதுவார். மொத்தம் பதினோரு குறைகள். நோட்டை அஸ்வினிடமே கொடுத்துவிட்டார்.

அம்பத்தூரில் இருந்த அவன் ஆபீஸில் கூட்டம் என்று அழைப்பு வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பியவரைப் பார்த்து மங்களம், "இன்ஸ்பெக்ஷனுக்குப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள்.

அங்கே சுவர் அளவுத் திரையில் அவருடைய விரல் வந்தது. அந்தரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் அவர் படம். கீழே எழுத்து: வயது எழுபது. தொழில்நுட்ப அறிவு குறைவு. தயக்கம் அதிகம்.

"இவருக்கே புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்," என்றாள் மேலாளர் வித்யா, பாராட்டும் குரலில். எல்லாரும் கைதட்டினார்கள். சண்முகசுந்தரமும் தட்டினார். கூட்டத்தில் தட்டாமல் இருக்கத் தெரியாது அவருக்கு.

திரும்பும்போது காரில் கேட்டார்: "தம்பி, அந்த நோட்டு?"

"பத்திரமா இருக்கு அங்கிள். வீடியோவே போதும்னுட்டாங்க, அதனால இன்னும் பிரிக்கல."

அவர் தளத்தைச் சோதித்திருந்தார். அவர்கள் அவரைச் சோதித்திருந்தார்கள். அதில் தேறாதது எது என்று படம் போட்டும் காட்டிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அஸ்வின் கடைசிச் சோதனைக்கு வந்தான். சண்முகசுந்தரம் இந்த முறை விரலை நிறுத்தவில்லை, மடமடவென்று தட்டினார். வியாழக்கிழமை என்று தேதி கொடுத்தார். பெயரைத் திருத்த ஒரு பக்கம் பின்னால் போய் வந்ததும், தேதி சத்தமில்லாமல் இன்றைக்கு என்று மாறியிருந்தது. பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறையும் பார்த்தார்.

"எப்படி இருக்கு அங்கிள்?"

"பிரமாதம். ஒரு குத்தமும் இல்ல."

"சூப்பர் அங்கிள்! உங்ககிட்ட பாஸ் ஆயிட்டா இனி கவலையே இல்ல." அஸ்வின் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, துள்ளிக்கொண்டு படியேறினான்.

அடுப்படியிலிருந்து மங்களம் எட்டிப் பார்த்தாள். "அவ்ளோ நல்லா இருக்கா? அப்போ என் கண் டாக்டருக்கு இதுலயே போட்டுடுங்களேன்."

"வேணாம்," என்றார் சண்முகசுந்தரம். "காலைல நானே நேர்ல போய் டோக்கன் வாங்கிட்டு வரேன்."