கணினியில் கடலான செலியமேடு

காலை ஆறு மணிக்கு வில்லியனூரில் பேருந்தை விட்டு இறங்கியபோது கோபுரத்தின் பின்னே ஐப்பசி மேகம் கறுத்து நின்றது. கைகூப்பித் திரும்புவதற்குள் என் மகள் வைதேகி செலியமேட்டுக்கு ஆட்டோ பேசியிருந்தாள். நானூறு ரூபாய்.

வைதேகி காலநிலை ஆய்வாளர். நீர் மழையாய் விழுந்து, மண்ணில் ஊறி, ஏரியில் நிறைந்து, ஆவியாய் மீளும் சுழற்சியைக் கணினி மாதிரிகள் எவ்வளவு சரியாகக் காட்டுகின்றன என்று ஒப்பிடுவது அவள் பணி. அவற்றுள் ஒன்று மூன்றாண்டு உழைத்து அவளே உருவாக்கியது. அன்று மாலைக்குள் அறிக்கை போக வேண்டும். இவ்வட்டார ஏரிநீரைப் பகிரும் திட்டம் அதைக் கொண்டே அமையும்.

ஒதியம்பட்டைக் கடக்கையில் ஓட்டுநர் திரும்பினார்.

"மாடல் மாடல்னு பேசிக்கிறீங்களே சாமி, பொண்ணு இன்னா சினிமாவா?"

"மழையைக் கணக்குப் பார்க்கிற மாடல்ப்பா."

"அப்ப நாளைக்குப் பெய்யுமா, சொல்லச் சொல்லுங்க."

"நாளைக்குத் தெரியாதுண்ணா. முப்பது வருஷம் கழிச்சுன்னா கேளுங்க" என்றாள் வைதேகி.

"சரியாப் போச்சு!"

ஏழரைக்குச் செலியமேடு. மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி அஞ்சலை என்னும் விவசாயியின் வயலில் இருந்தது. அதன் பதிவைக் கணினியில் ஏற்றும்போது அஞ்சலை திரையை எட்டிப் பார்த்தார்.

"எங்க நெலம் எதும்மா?"

வைதேகி தயங்கி ஒரு நீலச் சதுரத்தைத் தொட்டாள்.

"நீலமா இருக்குதே, ஏரியா?"

"கடல்க்கா."

"கடலா! நான் இன்னா நாத்து நடுறனா, மீன் புடிக்கிறனா?"

வைதேகியின் மாதிரி நிலத்தை ஐம்பது கிலோமீட்டர்ச் சதுரங்களாகப் பார்க்கிறது. இந்தச் சதுரத்தில் பெரும்பகுதி வங்கக்கடல். ஆகவே முழுவதையும் கடலென்றே கொண்டுவிட்டது. கடலுக்கு ஆவி உண்டு. மழைநீர் ஊற மண்ணில்லை, தேங்க ஏரியில்லை. மற்ற மாதிரிகளின் சிறு சதுரங்களில் இவ்வூர் நிலமாகவே இருந்தது.

"இப்படித் தப்பா வர்ற கட்டங்களை ஒப்பீட்டுல சேர்க்காம விட்டுடுறது வழக்கம்" என்றாள் வைதேகி.

அஞ்சலை அவள் கையைப் பற்றினார். "வுட்டுட்டா, தண்ணி பிரிக்கிறப்ப எங்க பேரே வராதேம்மா."

வைதேகி வரப்பில் அமர்ந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"சேர்த்தா என்னோட மாதிரிதான்ப்பா கடைசியில நிக்கும்."

வழக்கப்படி விட்டுவிடேன் என்று சொல்ல நா எழுந்தது. பெற்றவன் நா அது, அடக்கிக்கொண்டேன். "தெரியுதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கட்டத்தையும் சேர்த்தே அவள் அறிக்கையை எழுதத் தொடங்கினாள். முடித்து அனுப்பிய பிறகு அஞ்சலை கேட்டார்: "இன்னா எழுதுனே?"

"இது கடல் இல்ல, நெல்லு வெளையிற மண்ணு. திருத்துற வரைக்கும் இந்த ஊர் விஷயத்துல என் கணக்கை நம்பாதீங்கன்னு."

"ஐய, உன் பேரு கெட்டுடாதா?"

"கொஞ்சம் கெடும்க்கா" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. அஞ்சலை தம் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டார்.

எங்கள் காவிரிக்கரையில் மழை வேண்டிப் பாசுரம் பாடும்போது வையமெல்லாம் வாழ வேண்டுவோம். ஓர் ஊரின் பெயரைச் சொல்லி வேண்டுவது குறுகிய மனம் என்று எண்ணியிருந்தேன். அன்று பகல், மதகடிப்பட்டைத் தாண்டி விழுப்புரம் நோக்கிப் போன பேருந்தில், தோளில் சாய்ந்து உறங்கும் மகள் அசையாதபடி, செலியமேடு என்று பெயர் சொல்லியே வேண்டினேன்.