பல்வலியில் செய்த சத்தியம்

கடைவாய்ப் பல் வலியை நான்கு நாட்கள் பொறுத்தேன். நான்கு இரவிலும் சேர்த்து ஒன்பது மணித்தியாலமே உறங்கினேன். ஐந்தாம் நாள் பகல் மகள் கஞ்சி வைத்தாள். மருமகன், "மாமா, அந்தப் பல்லக் கழட்டினா எங்களுக்கும் கொஞ்சம் நிம்மதி" என்று சிரித்தார்.

"வல்லாஹி, இந்த வீட்டுச் சோறு இனி எனக்கு வேணாம்!" என்று அல்லாஹ்மீது ஆணையிட்டுக் கத்திவிட்டேன்.

மனைவி மவுத்தாகி நான் தனித்த பிறகு பதினொரு வருடமாக எனக்குச் சோறு போடும் வீடு அது. மகள் கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அன்று அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் பல்லைப் பிடுங்கினார்கள். திரும்பி வரும் வழியில் மருமகனின் பகிடியை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. உடனே என்மீது ஆத்திரம் பொங்கியது. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பொறுமை படிப்பித்தவன் நான்!

இனி என்ன செய்வது என்று பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டேன். "சத்தியத்த முறிங்க சேர். அதுக்குக் குற்றப்பரிகாரமா பத்து ஏழைக்குச் சாப்பாடு குடுங்க" என்றார். சமைத்தது அதே மகள்தான்.

"அடுத்த பல்லு வலிக்க முந்திச் சொல்லுங்க வாப்பா, பெரிய சட்டியொண்டு வாங்கி வைக்கணும்" என்றாள். பத்துச் சாப்பாட்டுப் பொதியையும் கொடுத்துவிட்டு வந்து அவள் கையால் சாப்பிட்டேன்.

வயது போனால் கோபம் வரும் என்று ஏழு பேர் ஆறுதல் சொன்னார்கள். எரிச்சல்தான் வந்தது. வயதல்ல, வலி! அதை நான்கு நாள் வளர்த்தவன் நான். இப்போதெல்லாம் எங்கே வலித்தாலும், "எனக்கு வலிக்குது, இப்ப என்னோட கதைக்காதீங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டு, அன்றே வைத்தியரிடம் போகிறேன்.