குமாஸ்தா கோதண்டம் ஏறிய பேருந்து

இன்று காலை எங்கள் கம்பெனி பேருந்து ஒரகடம் சாலையில் தேங்கிக் கிடந்த மழைநீரைக் கடந்து போனது. கணுக்கால்கூட நனையாத தண்ணீர்தான். ஆனாலும் என் இரண்டு கால்களும் தாமாகவே எழும்பி இருக்கையின் மேல் ஏறிக்கொண்டன. பக்கத்தில் இருந்த பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மூட்டு வலி என்று சொல்லிச் சமாளித்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அது பயம். ஈர ரெக்சினும் டீசலும் கலந்த அந்த வாடை வந்துவிட்டால் கால் தரையில் தங்காது.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த புதிதில், போன் பாகங்களைத் தொடும்முன் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டச் சொன்னார்கள். தப்புச் செய்தால் அதன் வழியாக ஷாக் கொடுப்பார்கள் என்று நம்பி, பல நாள் இடது கையை விறைப்பாகவே வைத்திருந்தேன். லைன் லீடர் எனக்கு வாதமோ என்று விசாரித்தார்.

அந்தப் பயத்துக்கு மருந்து போட்டவள் பேச்சியம்மாள். கோவில்பட்டிக்காரி. இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறையில் என்னோடு தங்கியிருந்தாள். அறையின் பரணில் முன்பு குடியிருந்த யாரோ விட்டுப்போன பழைய புத்தகம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அட்டை இல்லை, முன்பக்கங்கள் இல்லை. யார் எழுதியது, என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதில் குமாஸ்தா கோதண்டம் என்று ஒருவர். வக்கீலிடம் வேலை. எல்லாவற்றுக்கும் நடுங்குவார். சாட்சிக் கூண்டில் நிற்கும்போது நீதிபதி லேசாக இருமினால் போதும், "நான்தான் செய்தேன் எஜமான்" என்று யாரோ செய்த திருட்டை ஒப்புக்கொண்டுவிடுவார்.

பேச்சி அதைப் பேருந்தில் சத்தமாக வாசிப்பாள். நடு இருக்கையில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கோதண்டத்தின் குரலில் கீச்சுக் கீச்சென்று பேசுவாள். முன்னால் இருப்பவர்களும் பின்னால் இருப்பவர்களும் அவளைச் சுற்றி வந்துவிடுவார்கள். புத்தகம் தீர்ந்த பிறகும் அவள் விடவில்லை. கோதண்டத்தை எங்கள் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்த்துவிட்டாள். கேட்டில் சோதனைக் கருவி பீப் என்று கத்தினால் அதன் காலில் விழுவார். ரோபோ கை தன் பக்கம் திரும்பினால், "எனக்குப் பெண்சாதி இருக்கிறாள் சார்" என்று கும்பிடுவார். என்னைவிடப் பயந்த ஒரு ஆள் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒரு மழைக்காலம். முதல் ஷிப்ட் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். காலையிலிருந்து விடாத மழை. சர்வீஸ் ரோட்டின் பள்ளத்தில் பேருந்து இறங்கியதும் எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றுபோனது. முதல் படியில் இருந்த தண்ணீர் இரண்டாம் படிக்கு வந்தது. பிறகு உள்ளே வந்து, எங்கள் செருப்புகளை மெதுவாகத் தூக்கியது. அந்த நேரம் பார்த்து யாருடைய போனிலோ ஒரு குரல் செய்தி: செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்களாம்.

பேருந்து முழுக்க அழுகை. ஓட்டுநர் தணிகாசலம் பிள்ளைப்பாக்கத்துக்காரர், நிலம் விற்ற பிறகு ஸ்டியரிங் பிடித்தவர். அவர் எழுந்து நின்று சொன்னார்: "அந்த ஏரி தொறந்தா தண்ணி மெட்ராஸ் பக்கம் பூடும்மா, நம்மகிட்ட வராது. இது இங்க கீற சின்ன ஏரி ரொம்பி வழியுது."

யார் காதிலும் ஏறவில்லை. பின்னால் இரண்டு பெண்கள் அவசரக் கதவைத் திறந்து குதிக்கப் போனார்கள். தணிகாசலத்தின் முகம் வெளுத்தது. "எறங்காதீங்க. ரோடு எது, கால்வா எதுன்னு தெர்ல. இஸ்துகினு பூடும்" என்றவர், என் பக்கம் திரும்பி, "கத சொல்ற பொண்ணு எங்க? எதுனா பேசச் சொல்லும்மா" என்றார்.

பேச்சி என் பக்கத்தில்தான் இருந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளிறியிருந்தன. உலுக்கினேன். "எங்கண்ணன் கம்மாயில..." என்றாள். அவள் கண் உள்ளே ஏறும் தண்ணீரிலேயே இருந்தது. அவளுக்கு அப்படி ஒரு அண்ணன் இருந்தான் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

வேறு யாரும் இல்லை. நான் இருக்கை மேல் ஏறி நின்றேன். பற்கள் தந்தியடித்தன. அதனாலேயே கோதண்டத்தின் குரல் சரியாக வந்தது என்று நினைக்கிறேன். கோதண்டமும் இந்த பஸ்ஸில்தான் இருக்கிறார், டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறார் என்றேன். கதவருகே நின்றவள் திரும்பி, அழுதுகொண்டே, "என்ன செய்றாரு?" என்று கேட்டாள்.

"தண்ணிகிட்ட ஐடி கார்டு கேக்காரு. கார்டு இல்லாம கம்பெனி பஸ்ல ஏறக் கூடாதுங்காரு."

தணிகாசலம் முன்னாலிருந்து, "ஓவர்டைம் பாக்க வந்துகீதுன்னு சொல்லு" என்றார். பேருந்து வெடித்தது. அது சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த இருவரும் கதவை விட்டு வந்து உட்கார்ந்தார்கள். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் செத்துவிடுவோம் என்று நம்பினேன். கோதண்டம் வெள்ளத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதினார், தவளைக்கு வணக்கம் வைத்தார், இன்னும் என்னென்னவோ. தண்ணீர் இருக்கை வரை வந்து நின்றது. பக்கத்து ஊர்க்காரர்கள் டிராக்டரோடு வந்து, கயிறு கட்டி, ஒவ்வொருவராக எங்களை ஏற்றினார்கள்.

பேருந்தே வெடித்தது என்று சொன்னேன். பேச்சி சிரிக்கவில்லை. டிராக்டரில் ஏறும்வரை என் கையை விடவே இல்லை.

அந்த மாதமே அவள் அப்பா வந்து அழைத்துப் போய்விட்டார். பஸ் ஏறும் முன், "கோதண்டத்த இனி என்னால சிரிச்சுகிட்டு நெனைக்க முடியாதுட்டி. நீ வச்சுக்கோ" என்றாள். அவள் நம்பர் பிறகு வேறு யாருக்கோ போய்விட்டது. நானும் சில நாள் பேருந்தில் கதை சொல்லிப் பார்த்தேன். ஆட்கள் மாறினார்கள். பேருந்தில் ஏசி வந்தது, ஜன்னல்கள் மூடின, எல்லோர் காதிலும் இயர்போன் ஏறியது.

இன்று காலையும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். முன் வரிசையில் ஒருத்தி, கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் ஒருத்தி, பிறகு நடுவில் ஒருத்தி. ஒருத்தி எதற்குச் சிரிக்கிறாள் என்று மற்றவள் திரும்பிப் பார்க்கவில்லை.