லியோட்டாவின் முதல் தோட்டா

துப்பாக்கி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணால்தான் வாங்குகிறார்கள். பளபளப்பைப் பார்ப்பார்கள், கட்டையில் ஓடும் வரிகளைத் தடவுவார்கள், சுவரில் மாட்டினால் எடுப்பாக இருக்குமா என்று மனைவியைக் கேட்பார்கள். தீவனக் கடையின் பின்பக்கத்தில் துப்பாக்கி விற்கிற எனக்கு இவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் லியோட்டா ஸ்காக்ஸ் எனக்கு மூட்டிய எரிச்சல் வேறு ரகம். கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி ஆட்டுக்கொட்டில் குப்பையை எடுத்து, நான் துடைத்து வைத்திருந்த புதுத் துப்பாக்கிக்குள் கொட்டியவள் அவள் ஒருத்திதான்.

"ஏய், என்ன பண்றே நீ?"

"கத்தாதே மெர்ல். இது கெடக்கப் போறது என் வண்டியில, என் கொட்டில்ல. அங்க யாரு இதைத் தெனமும் குளிப்பாட்டிப் பவுடர் போடுவா?"

அவளும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அமெரிக்காவின் ஓசார்க் மலையில் எங்கள் பக்கம் எல்லாரும் மாடு வளர்க்கிறவர்கள். அவள் மட்டும் செம்மறியாடு. கோழி வெட்டும் ஆலையில் வருஷக்கணக்காக நின்று வலது தோளைத் தேய்த்துக்கொண்டவள், அந்த வேலையை விட்ட கையோடு ஆடு வாங்கினாள். "ஸ்வெட்டர் எப்ப பின்னித் தர்றே?" என்று மாட்டுக்காரர்கள் கடையில் வைத்தே கேட்பார்கள். "உன் தொப்பைக்குப் பின்ன என் ஆடு பத்தாதே" என்பாள் அவள். ஊரே கைகொட்டிச் சிரித்த அந்த மந்தையை நல்ல மந்தையாக ஆக்கிக் காட்டியவள். எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு. அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் தலைமேல் ஏறி உட்காருவாள்.

அந்த வசந்தத்தில் கொயோட்டி ஒன்று அவளுடைய குட்டிகளைத் தூக்க ஆரம்பித்தது. நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சிறிசு, இரண்டின் கெட்ட புத்தியும் உள்ள பிராணி. இதற்கு ஒரு காது கிழிந்திருந்தது. பட்டப்பகலில் வந்தது. லியோட்டா இரண்டு தடவை அதைச் சுட்டுத் தவறவிட்டாள். அவளிடம் இருந்தது ஒற்றைத் தோட்டா போடும் பழைய துப்பாக்கி. ஒரு முறை சுட்டால் மடக்கித் திறந்து இன்னொன்று போடவேண்டும். அதற்குள் கொயோட்டி அடுத்த மலைக்குப் போயிருக்கும்.

"இந்த வசந்தத்தோட இது ஒழியலைன்னா மந்தையைச் சந்தைக்கு ஏத்திடறேன்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். "வான்கோழி வேட்டைக்கும் இதே துப்பாக்கிதான். ரெண்டுக்கும் ஒண்ணு வேணும். கழுத்தறுக்காததா ஒண்ணு குடு."

அவள் கணவன் ராய்ஸ் மூலையில் தீவன மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். முழங்கால் போனபிறகு வேட்டையை விட்டுவிட்டவன். அந்தப் பழைய துப்பாக்கி கல்யாணமான வருஷம் அவன் வாங்கித் தந்தது. அதனால் காலையிலிருந்தே அவன் முகம் சரியில்லை.

"துப்பாக்கி மேல என்ன தப்பு? கண்ணாடியை மாத்து, கிழவி" என்றான்.

"கண்ணாடி சரியாத்தான் இருக்கு. உன்னைக் கட்டிக்கிட்டப்பதான் அது கண்ணுல இல்ல."

முதலில் தானியங்கியைக் கொடுத்தேன். சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். உதையும் குறைவு, அவள் தோளுக்கு இதம். குப்பையைக் கொட்டியது இதில்தான். மருந்தில்லாத வெற்றுத் தோட்டாக்களைப் போட்டுக் கையால் ஓட்டிப் பார்த்தாள். இரண்டாவதிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அடுத்தது, குழலுக்கு அடியிலிருக்கும் பிடியைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளும் வகை. அதிலும் ஒரு பிடி குப்பை. அது கரகரவென்று முனகியது, ஆனால் ஒவ்வொரு தோட்டாவையும் துப்பியது. பிறகு அவள் கண்ணை மூடி அதைத் தோளில் ஏற்றி, கண்ணைத் திறந்தாள். சுவரில் இருந்த நாட்காட்டியின் நடுவில், குறிபார்க்கும் குழல்முனை மணி நின்றது.

"உதைக்கும்" என்றேன்.

"ராய்ஸோட குறட்டையையே தாங்கறேன்."

"இது சுடலைன்னா யோசிக்கவே வேண்டாம். இழு, தள்ளு, சுடு. பழுதான தோட்டா வெளிய விழுந்துடும், அடுத்தது உள்ள போயிடும்" என்றேன். அதற்காகத்தான் ஜனங்கள் அந்த வகையை நம்பி வாங்குகிறார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். அவளுடைய பழைய துப்பாக்கி இருபதாம் எண். புதியது பன்னிரண்டு. எங்கள் தொழிலில் எண் சிறுத்தால் குழல் பெருக்கும். இருபதுக்கான தோட்டா மஞ்சள் நிறத்தில்தான் வரும், காரணத்தோடு. அது பன்னிரண்டுக்குள் போனால் வெடிக்காது. நழுவி முன்னால் போய்க் குழலில் அடைத்துக்கொண்டு உட்காரும். பின்னால் இன்னொரு தோட்டா ஏறிவிடும். அதைச் சுட்டால் குழல் கையிலேயே கிழியும். விரல் போகும், கண் போகும், ஆளே போகலாம்.

"வீட்டுல மஞ்சள் ஒண்ணுகூட இருக்கப்படாது. கேட்டியா ராய்ஸ்?"

"அவ வேட்டைச் சட்டைப் பையையெல்லாம் நானே உதறிடறேன். போதுமா, வாத்தியாரே?" என்றான் அவன். உதறவும் செய்தான். பொய் சொல்லக்கூடாது.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேட்டைக்குப் போகிற விடியற்காலையில் லியோட்டா பிளாஸ்க்கில் காபி ஊற்றிக்கொண்டிருப்பாள். அப்போது ராய்ஸ் அவளுடைய வேட்டைச் சட்டையின் இடது மார்புப் பையில் ஒரே ஒரு தோட்டாவை நழுவவிடுவான். ராசிக்கு. அவள் பார்க்காததுபோல் இருப்பாள். காட்டில் போய் உட்கார்ந்ததும் முதலில் ஏற்றுவது அதைத்தான், அதுவும் பார்க்காமல். பார்த்தால் ராசி போய்விடுமாம். இரண்டு பேரும் இதைப்பற்றி வாயைத் திறந்து பேசியதே கிடையாது.

அந்தத் தோட்டாக்கள் சமையலறைக் கதவருகே ஒரு பழைய காபி டின்னில் இருந்தன. பைகளை உதறிய ராய்ஸுக்கு டின் நினைவுக்கு வரவில்லை. புதுத் துப்பாக்கியோடு அவள் கிளம்பிய முதல் காலையில், அரைத் தூக்கத்தில் அவன் கை தானாக டின்னுக்குள் போனது, ஒன்றை எடுத்தது, சட்டைப் பைக்குள் விட்டது.

லியோட்டா மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் ஒரு பருத்த ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். எதிரே புல்லில், வான்கோழியை இழுக்க வைத்த பொய்க்கோழி. இடது கைப்பக்கம் கம்பிவேலி, அதற்கப்பால் அவள் ஆடுகள். எல்லாம் சாம்பலாகத் தெரிகிற நேரம், நிறம் எதுவும் பிரியவில்லை. கையுறைக்குள் விரல் மரத்திருந்தது. இடது பையிலிருந்து ராய்ஸின் தோட்டாவை எடுத்தாள். மெலிதாக இருந்தது. ஆனால் அத்தனை வருஷமும் அந்தக் கை பிடித்தது மெலிந்த தோட்டாவைத்தான். கை அதைச் சரியென்றது. துப்பாக்கியின் திறந்திருந்த வாயில் போட்டு மூடினாள். அடியில் இன்னும் இரண்டு ஏற்றினாள், அவை புதியவை, பெரியவை.

கல் தட்டில் குச்சியை உரசிப் பெட்டை வான்கோழிபோல் கூப்பிட்டாள். மரத்தின் மேலிருந்து சேவல் பதில் சொன்னது. மறுபடி உரசினாள். சேவல் நெருங்கி வந்து, நடுக்குரலில் சட்டென்று நின்றுபோனது. காகங்களும் நின்றன. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். வான்கோழியைக் கூப்பிட்டால் கொயோட்டியும் கேட்கும்.

புல்லோடு புல்லாக அது வந்தது. வயிறு தரையில் உரச, பொய்க்கோழியையே பார்த்தபடி. கிழிந்த காது. லியோட்டா குழல்முனை மணியை அதன் கழுத்தில் நிறுத்தி விசையை அழுத்தினாள்.

டிக்.

அவ்வளவுதான். கொயோட்டி தலையைத் தூக்கி நேராக அவளைப் பார்த்தது. இழு, தள்ளு, சுடு. அவள் இடது கை பிடியைப் பின்னுக்கு இழுத்தும் விட்டது. அடுத்த தோட்டா உள்ளே மேலெழும்பி நின்றது. தள்ள வேண்டியதுதான் பாக்கி.

தள்ளவில்லை. எதுவும் வெளியே விழவில்லை. வலது கன்னத்தருகே ஒரு தோட்டா பறந்திருக்க வேண்டும், சருகில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. போட்டது எங்கே போயிற்று?

கொயோட்டி ஓடவுமில்லை. அவளைப் பார்த்தது, வேலியைப் பார்த்தது. தள்ளினால் போதும், அதன் கதை முடிந்தது. அந்த மெலிவு அப்போதுதான் விரலுக்கு நினைவு வந்தது. துப்பாக்கியைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து அலறினாள். பிளாஸ்க்கை வீசினாள். கொயோட்டி வேலிக்கு அடியில் பதுங்கிப் புகுந்து, அவள் ஓடிச் சேர்வதற்குள், கண்ணெதிரே ஒரு குட்டியைக் கழுத்தைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. தாய் ஆடு கத்தியதை என்னிடம் சொல்லும்போது லியோட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடையைத் திறந்து காபிகூடப் போடவில்லை, இருவரும் வந்துவிட்டார்கள். துப்பாக்கியின் வாய் திறந்தே இருந்தது, தோட்டாக்களை எடுத்திருந்தாள். அதை என் மேசைமேல் வைத்தாள். பேசியதெல்லாம் ராய்ஸ்தான்.

"பாருடா மெர்ல், உன் நம்பகமான துப்பாக்கியை! சத்தமே வரலை. குட்டி போனதுதான் மிச்சம். பழசு இருந்திருந்தா ஒரு தடவையாவது வெடிச்சிருக்கும். இவகிட்டக் கேட்டா வாயே திறக்கமாட்டேங்கறா, 'வண்டியில ஏறு'ங்கறா."

எனக்குச் சுருக்கென்றது. நான் விற்ற சாமான். குழலுக்குள் விளக்கடித்தேன்; வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை. துடைக்கும் கம்பியை முனைவழியாக விட்டு மெல்லத் தட்டினேன். ஏதோ இளகியது. மேசைமேல் விழுந்து உருண்டு ராய்ஸின் கைக்கெதிரே போய் நின்றது.

மஞ்சள்.

அவன் அதைத் தொடவில்லை. அவன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். தீவன மூட்டைமேல் உட்கார்ந்தான்.

"நான்தான்..." என்றான். "லியோட்டா, அதை நான்தான் போட்டேன்."

"தெரியும்."

"டின்னு ஞாபகம் வரலை. கை தானா..."

"தெரியும்டா."

"தெரிஞ்சா ஏன் பாத்துப் போடலை? மஞ்சளா சிவப்பான்னு ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா?"

"நீ வச்சதை நான் எந்த வருஷம் பாத்துப் போட்டேன்?" என்றாள் லியோட்டா.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. உப்புக்கட்டி எடுக்கிற சாக்கில் கிடங்குக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவன் அவள் கைவிரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையைக் கொடுத்தபடி நின்றாள். "போதும், மெர்ல் பாக்கறான்" என்றாள், கையை இழுக்காமல்.

துப்பாக்கிக்கு ஒரு கீறலும் இல்லை. துடைத்துக் கொடுத்தேன். காபி டின்னை ராய்ஸே அப்படியே கொண்டுவந்து என்னிடம் சேர்த்தான்.

அடுத்த விடியலில் நடந்ததை அவனே கடையில் வந்து சொன்னான். சமையலறை விளக்குகள் அத்தனையையும் போட்டிருக்கிறான். லியோட்டாவின் உள்ளங்கையில் ஒரு தோட்டாவை வைத்தான். ஒளிக்கவில்லை. இரண்டு பேரும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். சிவப்பு. மேலே பன்னிரண்டு என்று எழுதியிருந்ததை அவன் வாய்விட்டுப் படித்தான். அவள் அதை இடது பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அவன் வராந்தாவில் நின்றான். முழங்கால் வலிக்க வலிக்க நின்றான், உட்கார மனசு வரவில்லை. மலைப்பக்கம் வெளுத்தது. ஒரு வெடி கேட்டது.

ஒரே ஒரு வெடி. அது குழலிலிருந்து வந்ததா, குழல் கிழிந்து வந்ததா? தூரத்தில் இரண்டும் ஒரே சத்தம்தான். சிவப்பென்று படித்ததெல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது காட்டோரத்திலிருந்து ஒரு பெட்டை வான்கோழி கூப்பிட்டது. நிதானமாக, கல் தட்டில் குச்சி உரசுகிற கரகரப்போடு. நின்றது. திரும்பவும் கூப்பிட்டது. வான்கோழிக்காக அல்ல, வீட்டைப் பார்த்து.

கிழிந்த காதுக் கொயோட்டியை அவள் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே வேலிக்கம்பியில் மாட்டிவிட்டாளாம். ராய்ஸ் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்தக் கோழிச் சத்தத்தைக் கேட்டதும் படியில் உட்கார்ந்து அழுதேன் என்று மட்டும் சொன்னான், மாட்டுக்காரர்கள் நாலு பேர் நிற்கும்போதே. அவர்களில் ஒருவனும் சிரிக்கவில்லை.