எடுத்த படம் கொஞ்ச நேரம் நிக்குது

சுற்றுலாப் படகு நடத்துற ஒரு முதலாளிக்கு வெப்சைட் பார்த்துக் குடுக்கிறனான். போன மாதம் அவரின்ர படகோட்டி ஒருத்தர் செத்துப்போனார். "வெப்சைட்டில இருக்கிற அவற்ற படத்தை எடுத்துவிடுங்கோ" எண்டார் முதலாளி.

முழுப் பக்கத்தையும் திருத்தப் பஞ்சி, சோம்பல்தான். பக்கம் திறந்த பிறகு படத்தை நீக்கிற மாதிரி ஜாவாஸ்கிரிப்டில ஒரு வரி போட்டுவிட்டனான்.

இண்டைக்கு மூதூர் பஸ்ஸில அந்தப் படகோட்டியின்ர மனுசி பக்கத்தில வந்து இருந்தா.

"நீங்கள்தானே வெப்சைட் செய்யிற தம்பி? எங்கட வீட்டடியில சிக்னல் குறைவு. திறந்தா இவர் கொஞ்ச நேரம் நிண்டிட்டுத்தான் மறையிறார்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, இண்டைக்கே சரியாக்கிறன்."

"வேண்டாம் தம்பி. அதுக்குத்தான் திருப்பித் திருப்பித் திறக்கிறனான்."

இறங்கினவுடன முதலாளி கோல் எடுத்தார். படம் இன்னும் வந்து வந்து போகுதாம், இண்டைக்கே முடிக்கட்டாம்.

ஐஞ்சு நிமிச வேலை. இந்த முறை பஞ்சியெண்டு சொல்ல ஏலாது. ஆராவது முதலாளிக்குச் சொல்ல ஒரு நல்ல சாட்டுச் சொல்லித் தாங்கோ.