வண்டி நம்பர் நோட்டு

நீல அட்டை போட்ட கோடு நோட்டு அது. பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவார்களே, அந்த மாதிரி. மூலையில் ஓட்டை போட்டுச் சணல் கோத்து, சணலின் மறுமுனையில் ஒரு பேனாவைக் கட்டி, தன் வீட்டு இரும்புக் கேட்டில் மாட்டி வைத்திருப்பார் எங்கள் சபைக்குப் பக்கத்து வீட்டு அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை தொடங்கிப் பாட்டுச் சத்தம் எழுந்ததும் அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவார். வரிசையாக நிற்கும் எங்கள் கார்களின் பின்னால் ஒவ்வொன்றாகக் குனிந்து, உதட்டை அசைத்து நம்பரைப் படித்து எழுதிக்கொள்வார். கண்ணாடி இல்லாமல் எழுதுவதால் நோட்டை ஒரு முழம் தள்ளிப் பிடித்திருப்பார். சபை வாசலில் நின்று ஆட்களை வரவேற்பது என் பொறுப்பு. கை வருகிறவர்களைக் கும்பிடும், கண் அந்த நோட்டின் மேலேயே இருக்கும். இந்த அம்மாள் நமக்குக் குழி பறிக்கிறார் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன்.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மென்பொருளில் கோளாறு கண்டுபிடிக்கும் வேலை. அடுத்தவர் செய்து கொடுத்ததை நம்பாமல், எங்கே உடையும் என்று தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும். பதினைந்து வருடம் இதைச் செய்தவனுக்கு வீட்டுக்கு வந்ததும் புத்தி மாறிவிடுமா? பால் பாக்கெட்டில் தேதியை இரண்டு முறை பார்ப்பேன். தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். சபையில் இந்தக் கோணல் குணத்தைத் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள். வானகரத்தில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் சில குடும்பங்களோடு தொடங்கிய சபை, நூம்பலில் மனை வாங்கித் தகரக் கொட்டகை போட்டது. பைபாஸ் பக்கம் அடுக்குமாடிகள் எழும்ப எழும்ப, நெல்லையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். கொட்டகை போதாமல் வெளியே பந்தல், பந்தலும் போதாமல் இரண்டு ஆராதனை. கடைசியில் பாஸ்டர் பெரிய வளாகம் கட்டுவதென்று அறிவித்து ஒரு கட்டடக் கமிட்டி அமைத்தார். யாரும் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது என்று சொல்லி என்னை அதற்கு அமைப்பாளர் ஆக்கினார்.

நிதி திரட்ட நாங்கள் செய்த முதல் வேலை ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பலகை. புது ஆலயம், பிள்ளைகளுக்கு வகுப்பறைகள், கூடம், முன்னால் புல்தரை, கார் நிறுத்துமிடம் எல்லாம் கட்டி முடித்த மாதிரியே கம்ப்யூட்டரில் வரைந்த படம். அதன் கீழே, ஒவ்வொரு குடும்பமும் ஒரு சதுர அடியாவது தாங்க வேண்டும் என்ற வேண்டுகோள். அச்சுக்குப் போகும் முன் சரிபார்த்தது நான்தான். எழுத்துப்பிழை பார்த்தேன், அதில் போட்டிருந்த வசனத்தின் எண்ணை வேதாகமத்தைத் திறந்து ஒப்பிட்டேன். படத்தில் ஒரு வீடு காணாமல் போயிருந்தது என் கண்ணில் படவில்லை. அக்காவின் இரண்டு அறை வீடும் முருங்கை மரமும் இருந்த இடத்தில் வழவழப்பான தரையில் கார்கள் நின்றன. விலை பேசவில்லை, விற்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. எங்கள் மனதில் அந்த இடம் எப்போதோ பார்க்கிங் ஆகிவிட்டது, வரைந்தவரும் அப்படியே வரைந்துவிட்டார்.

பலகை கட்டிய அன்றே அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இன்னா நைனா, இந்தப் படத்துல எங்க ஊட்டக் காணோம்?" அது சும்மா கற்பனைப் படம், அக்கா என்றேன். "சும்மான்னா எங்க ஊட்டையும் சும்மா போட்டுக்க வேண்டியதுதானே?" என்றார். பதில் வராதபோது மனிதனுக்குக் கோபம் வரும், எனக்கும் வந்தது. அதற்கு அடுத்த ஞாயிறுதான் அந்த நீல நோட்டு கேட்டில் தொங்கியது. சில வாரங்களில் இன்னொரு செய்தியும் வந்தது. வழிபாட்டுக் கட்டடத்துக்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் அல்லவா, எங்கள் விண்ணப்பத்துக்கு எதிராக யாரோ மனு கொடுத்திருக்கிறார்கள்: ஒலிபெருக்கிச் சத்தம், தெருவில் போக்குவரத்து நெரிசல். யார் என்று அலுவலகத்தில் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நெரிசலுக்குச் சாட்சி வேண்டும், அதற்குத்தான் நம்பர் நோட்டு என்று ஒரே நிமிஷத்தில் முடிச்சுப் போட்டுவிட்டேன். அக்கா எழுதுவதைப் போனில் படமெடுத்துக் கமிட்டியில் காட்டினேன். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சந்தேகம் ஒருபக்கம் மட்டும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். கிறிஸ்துமசுக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அக்கா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு இனிப்பு தரீங்க, நாளைக்கு இன்னாத்த வாங்கிக்கினு போவப் போறீங்க?" என்று கேட்டார். பாஸ்டர் சிரித்துச் சமாளித்தார். அக்காவின் வீட்டுக்காரர் முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டியவராம். முகம் ஊதி, கால் வீங்கி, பேசும்போது மூச்சிரைத்தது. குடித்துக் கெடுத்துக்கொண்ட உடம்பு என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு அக்கா என் கார் கண்ணாடியைத் தட்டினார். "உன் போன் நம்பரு குடு நைனா." எதற்கு என்றேன். "ஒரு அவசரம் ஆத்திரம்னா கூப்பிடத்தான்." என்ன அவசரம் வரப்போகிறது? வக்கீலிடம் கொடுப்பதற்கா, இல்லை நிலத்துக்கு விலை பேச யாரையாவது ஏவுவதற்கா? சபை ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். கண்ணாடிக்கு வெளியே அவர் ஏதோ எழுதுவது தெரிந்தது. எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொருத்தனை ஞாயிறு வந்தது. கட்டடத்துக்கு எவ்வளவு தருவோம் என்று ஒவ்வொரு குடும்பமும் அட்டையில் எழுதிப் பீடத்தின் முன் வைக்கும் நாள். அட்டைக் கட்டுகள் என் காரில் இருந்தன. நேரமாகிவிட்டதால் வாசலிலேயே இறக்கிவிட்டு, ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்று காரைத் தெருவிலேயே விட்டு உள்ளே ஓடினேன். ஏற்கெனவே ஒரு பக்கம் முழுக்க வண்டிகள். மறுபக்கம் என் கார் நின்றதும் தெரு அடைபட்டுப் போனது. கமிட்டிக்காரனுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ற நினைப்பு. ஐந்து நிமிஷம் ஆராதனை முழுக்க நீண்டது. ஒவ்வொருவராக வந்து அட்டை வைத்தார்கள், பாட்டு முடிந்து பாஸ்டர் உருக்கமாக ஜெபிக்கத் தொடங்கினார். எங்கள் வழியில் நிற்கிற தடைகளையெல்லாம் அகற்றும் ஆண்டவரே என்று அவர் கேட்க, சபை முழுவதும் ஆமென் ஆமென் என்றது. அப்போது வாசலில் அக்கா நின்றார். காலில் செருப்பில்லை, கையில் நோட்டு.

சண்டைக்கு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அதுவும் பார்த்துப் பார்த்து இந்த நாளில். அவர் "நைனா, உன் வண்டி..." என்று தொடங்கியதும் நான் உதட்டில் விரல் வைத்தேன். ஜெபம் நடக்கிறது, பத்து நிமிஷம் பொறுங்கள் என்று அவரை மெல்ல வெளியே தள்ளாத குறையாக அனுப்பிக் கதவைச் சாத்தினேன். சாத்திய கதவின் மேல் முதுகைக் கொடுத்து நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன். உள்ளே ஒரு வரிசையில் யாருடைய போனோ அதிர்ந்து அடங்கியது. பிறகு வேறொரு பக்கம் இன்னொன்று. மூன்றாவதாக, எப்போதும் பெரிய கண்ணாடி அணிந்து வரும் ஓர் அம்மா தன் போனை எடுத்துக் காதில் வைத்தார். சட்டென்று எழுந்து என்னிடம் வந்து, "உங்க கார்தான் அடைச்சுக்கிட்டு நிக்குது, அந்த ஐயாவுக்கு மூச்சு முட்டுதாம்" என்றார்.

ஓடினேன். தெருமுனையில் ஆட்டோ உள்ளே வர வழியில்லாமல் நின்றது. அக்காவின் வீட்டுக்காரரால் எழுந்து நடக்க முடியவில்லை. அக்காவும் ஆட்டோக்காரரும் நாற்காலியோடு அவரைத் தூக்கி, என் காருக்கும் சுவருக்கும் இடையில் நுழையப் பார்த்து, நாற்காலிக் கால் சிக்கி நின்றிருந்தார்கள். அவர் வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடினார். அக்கா திட்டவில்லை. "சீக்கிரம் நைனா" என்று மட்டும் சொன்னார். காரைப் பின்னால் எடுத்தேன், ஆட்டோ வந்தது, போனது. சபையின் திறந்த கதவு வழியாகப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

சிறுநீரகம் கெட்டு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர் என்பது ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. வாழ்நாளில் குடியைத் தொடாதவர் என்பதும். இரண்டு வாரம் கழித்துத் தாலுகா அலுவலகத்தில் விசாரணை நடந்தது. மனுவைப் படித்தபோது கீழே இருந்த கையெழுத்து எங்கள் சபையில் முன்வரிசையில் உட்காரும் பெரியவருடையது. புது வளாகத்தைத் தன் மைத்துனர் நிலத்தில் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அக்காவையும் அக்கம்பக்கத்தார் என்று அழைத்திருந்தார்கள். "ஜெபம் பண்றதுல இன்னா சார் தொந்தரவு? வண்டிய ஓரமா உட்டா போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய வீட்டுக்காரர் அந்த முறை பிழைத்து வந்தார், நாலைந்து மாதம் கழித்து இறந்தார். அந்தப் பத்து நிமிஷத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று அக்கா டாக்டரிடம் கேட்கவில்லை. அக்காவிடம் நானும் கேட்கவில்லை.

பிறகு அவரே வந்து, மகளோடு வேப்பம்பட்டில் இருந்துகொள்ளப் போவதாகவும், இடத்தைச் சபைக்கே தருவதாகவும் சொன்னார். கமிட்டியில் சிலர், இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது, பத்திரத்தை நன்றாகப் பாருங்கள் என்று என் காதைக் கடித்தார்கள். நான் பழக்கிவிட்ட ஆட்கள். சாவி கொடுத்த அன்று அக்கா கேட்டிலிருந்து நோட்டையும் அவிழ்த்து என்னிடம் நீட்டினார். "இத்த நீயே வச்சுக்கோ. பின்னாடி மூணு ஊடு கீது, அவங்களுக்கும் அவசரம் வரும்." பிரித்தேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு வண்டி நம்பர், ஒரு போன் நம்பர், பெயர் தெரியாத இடத்தில் அடையாளம். சேப்பு காரு, கண்ணாடி அம்மா. தாடிக்காரரு பைக்கு. மூணு கொழந்த காரு, நல்ல மனுசன். அன்றைக்கு என்னைத் திட்டியிருக்கலாமே அக்கா என்று கேட்டேன். "திட்டிகினு இருந்தா வண்டிய யாரு எடுக்கறது?" என்றார்.

இப்போது வளாகம் எழும்பிவிட்டது. முருங்கை நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன, ஃப்ளெக்ஸ் படத்தில் இருந்த மாதிரியே. அதுவும் போதாமல் தெருவிலும் நிறுத்துகிறார்கள். நான் வரவேற்பு வேலையை விட்டுவிட்டு, ஞாயிறுதோறும் தெருவில் நின்று புதிதாக வருகிறவர்களிடம் போன் நம்பர் கேட்டு ஒரு புது நோட்டில் எழுதி, பின்னாலுள்ள மூன்று வீட்டுக்கும் தருகிறேன். போன வாரம் புதுக் காரில் வந்த ஓர் இளைஞர், "எதுக்கு சார்?" என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து மேசை இழுப்பறையிலிருந்து நீல நோட்டை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் என் கார் நம்பர் இருக்கிறது. அதன் எதிரே, ஒரு முழம் தள்ளிப் பிடித்து எழுதிய கோணல் எழுத்தில்: வெள்ள காரு. கமிட்டி சாரு. கேட்டேன். தரல. போன் நம்பருக்கு விட்ட இடம் காலியாக இருக்கிறது. சணலில் இன்னும் தொங்கும் பேனாவை எடுத்து என் எண்ணை எழுதப்போனேன். அந்த எண்ணைக் கூப்பிட வேண்டியிருந்த அக்கா இப்போது அந்தத் தெருவில் இல்லை. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.